மூணாம் கட்டு பிரிக்கிற நாள்

இந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களாக்கா? சும்மா இழுத்துப் பிடிச்சாப் போதும். பெட்சீட்டுக்குக் குஞ்சம் முடியறதுங்க. எட்டு இழை எடுத்து, நாலு நாலாப் பிரிச்சு, முறுக்கி, ரெண்டையும் சேத்து ஒரு முடிச்சு. வீட்ல ஆணியில மாட்டி வச்சுச் செய்வேன். வைத்தியசாலையில ஆணிக்கு எங்க போறது. கை சும்மா இருந்தா எனக்கு என்னமோ பண்ணுது, இன்னிக்குன்னு பாத்து ரொம்பவே. அதான் பையில அள்ளிப் போட்டுட்டு வந்துட்டேன்.

உங்க நம்பர் ஐம்பத்தி ஒண்ணுங்களா? எங்களது நாப்பத்தி மூணு. இப்ப முப்பத்தி ஒண்ணு உள்ள போயிருக்குது.

டோக்கனை உங்க பையன் போன்ல எடுத்துக் கொடுத்தான்னு அந்தம்மாகிட்டச் சொல்லிட்டிருந்தீங்களே, அது உடனே திறந்துச்சுங்களா? இல்ல, சுத்திட்டே நின்னுச்சா? தப்பா நினைக்காதீங்க. நான் யார்கிட்டயும் வலியப் போய்ப் பேசற ஆள் இல்லீங்க. பஸ்ல பக்கத்துல உக்காந்தவங்க ஊர் பேரைக் கேட்டாலே எனக்கு வேர்த்துப் போகும். இது சும்மா தெரிஞ்சுக்கலாம்னு.

உடனே திறந்துச்சா. சரிங்க. சரி.

அந்த டோக்கன் பக்கம் எங்க வீட்டுக்காரரு செஞ்சதுங்க. பூபதின்னு பேரு. அதோ வேப்பமரத்தடியில ரெண்டு கையிலயும் கட்டோட நின்னு பேசிட்டிருக்காரே, அவருதான். ரெண்டு கையிலயும் கட்டுப் போட்டுட்டு எப்படிச் செஞ்சீங்கன்னு அங்கயும் அதைத்தான் கேக்கறாங்க போல. அவரு சிரிச்சுக்குவாரு. மூளைதான் வேலை செய்யுது, கை என்ன கைன்னு சொல்லுவாரு. அது சரிதானுங்களே. அவரு சொல்லலேன்னா எனக்கு என்ன தெரியும்.

ஆறு வாரத்துக்கு முந்தி, இந்த வேலையைப் பேசி முடிக்கத்தான் இங்க வந்தாரு. விடியறதுக்கு முன்னாடியே கை கால் ஒடிஞ்சவங்கெல்லாம் வந்து வரிசையில நின்னு, அதுல தள்ளுமுள்ளாகி, நல்லா இருந்த காலும் ஒடிஞ்ச கதையெல்லாம் இங்க நடந்திருக்குதுங்க. அதுக்குப் போன்லயே டோக்கன் கொடுத்துரலாம்னு இவரு சொன்னாரு, வைத்தியர் வீட்லயும் சரின்னுட்டாங்க. ஆடி பிறக்கறதுக்குள்ள முடிச்சுத் தரணும்னு பேச்சு. அந்தச் சந்தோசத்துல மொபெட்டை முறுக்குனவரு, இதோ இந்த வாசல்ல இருக்கிற வேகத்தடையிலயே விழுந்துட்டாரு. வலது மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. இடது கையில ரெண்டு விரல் பிசகிப் போச்சு. வெளிய போன ஆளை அப்படியே உள்ள தூக்கிட்டு வந்து, உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் பூசி, மூங்கில் பத்தை வச்சுக் கட்டி அனுப்பிட்டாங்க. மூணு கட்டு, கட்டுக்குப் பதினஞ்சு நாள். வாசப்படியில நின்னு நம்பர் கூப்பிடறாரே ரங்கண்ணன், அவரு இன்னமும் விடறதில்ல. "டோக்கன் போட வந்த மாப்ள மொதல் டோக்கனைத் தானே எடுத்துக்கிட்டாப்ல"ங்கறாரு.

இன்னிக்கு மூணாம் கட்டு பிரிக்கிறாங்க. அவ்வளவுதானுங்க. இனிக் கட்டு இல்ல.

சந்தோசந்தான். ஏன் சந்தோசமில்லாம. ஆறு வாரமா அவருக்கும் நான்தான் சோறு ஊட்டறேன், பாப்பாவுக்கும் நான்தான் ஊட்டறேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல வாயைத் திறப்பாங்க. அவருக்கு இந்தக் கையால ஒரு வாய்னா, பாப்பாவுக்கு அடுத்த வாய். பாப்பாவுக்கு ஒண்ணரை வயசு. தன்விகா. அத்தைகிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்.

முப்பத்தி ரெண்டு கூப்பிடறாரு. எங்க, அந்தப் பெரியவரு எந்திரிக்கவே மாட்டேங்கறாரு பாருங்க.

கட்டுப் போட்டுட்டு வந்த மறுநாள் இவரு அழுகாத குறைதானுங்க. கோயமுத்தூர்ல ஆபீஸ்ல இருந்தவரு, ஊர்லயே இருந்து தொழில் செஞ்சு காட்டறேன்னு சொல்லிட்டு வந்தவரு. இது கைய விட்டுப் போனா மறுபடியும் கோயமுத்தூருக்குப் போய் அங்கயே ரூம் எடுத்துத் தங்கணும், ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வரணும். கூட வேலை பாத்தவங்களைக் கம்ப்யூட்டர்ல அடிச்சுக் கொடுக்கச் சொல்லலாம்னா, அவங்க வேலையையே தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயம். அப்பத்தான் அத்தை சொன்னாங்க, "இவ கை சும்மாதானடா இருக்குது"ன்னு. நான் அப்பவும் குஞ்சம் முடிஞ்சிட்டுதானுங்க இருந்தேன்.

நான் எட்டாவது. எட்டாவதும் முழுசா இல்ல. ஏபிசிடி தெரியும், பெரிய எழுத்து, சின்ன எழுத்து தெரியும். ஆனா அந்தக் கீபோர்டுல எழுத்தை வரிசையா வைக்காம கலைச்சுப் போட்டிருக்காங்களே, அதை எவன் செஞ்சான்னு மொதல் நாள் பூராத் திட்டிட்டேதான் தேடுனேன். இவரு கட்டில்ல மல்லாந்து படுத்து, கண்ணை மூடிட்டு, ஒவ்வொரு எழுத்தாச் சொல்லுவாரு. நேரா அடிக்க எனக்கு வராது. பாப்பாவுக்குத் தடுப்பூசி தேதி எழுதற நோட்டு ஒண்ணு இருக்குது, அதைத் திருப்பி வச்சுப் பின்பக்கத்துல இருந்து மொதல்ல எழுதிக்குவேன். அப்புறம் அதைப் பாத்து அடிப்பேன். எங்க இடம் விடணும், எங்க விடக்கூடாதுன்னு கோடு போட்டு வச்சுக்குவேன்.

உங்களுக்கு அது என்னன்னு சொல்லணுமே. சர்வர்ங்கறது வேற ஒண்ணுமில்லீங்க, எங்கயோ ஒரு கம்பெனிக்காரங்க வச்சிருக்கற கம்ப்யூட்டர். எங்களது பம்பாயில இருக்குது. நாம அதை வாடகைக்கு எடுத்துக்கறது. அதை அமத்தறதே இல்ல, ராத்திரி பகல் ஓடிட்டே இருக்கும். உங்க பையன் போன்ல டோக்கன்னு அமுக்கினாரே, அது அங்க போய் அந்த மிஷினைக் கேட்டு, அது இந்தா ஐம்பத்தி ஒண்ணுன்னு சொல்லித் திரும்பி வருது. நாம இங்க வீட்ல உக்காந்துட்டே ஒரு கருப்புத் திரை வழியா அதுக்குள்ள போயி, அது வேணும், இது வேணும்னு சொல்லி வைக்கணும். குடி போற வீடு மாதிரிதான். வெறும் சுவரா இருக்கும், எல்லாத்தையும் நாம கொண்டு போய் வைக்கணும்.

குடி போனதும் மொதல் வேலை, பேரு. அந்த மிஷினுக்கு ஆரம்பத்துல முதலாளின்னு ஒரே ஒரு பேருதான் இருக்கும். அந்தப் பேரு உலகத்துல எல்லாருக்கும் தெரியுமாம், திருடனுக்கும் தெரியுமாம். அதனால நமக்குன்னு தனியா ஒரு பேரு வச்சு, அதுக்கு ஒரு சாவி போட்டு, நாம உள்ள போக வழி பண்ணிக்கிட்டு, அப்புறம் முதலாளி வாசலை ஒரேயடியா அடைச்சிடணும். அடுத்தது காவல் போடறது. எந்த வாசல் திறந்திருக்கணும்னு சொல்லி வச்சுட்டுத்தான் காவலைப் போடணும். மொதல்ல காவலைப் போட்டா அது நம்மளையும் விடாது.

டோக்கன் பக்கமெல்லாம் வச்சு முடிச்ச பத்தாம் நாள், காவலுக்கு வந்தப்ப இவரு வரிசை மாத்திச் சொல்லிட்டாருங்க.

காவல் போடற வரியை மொதல்ல சொன்னாரு. நான் அடிச்சேன். அவ்வளவுதான், திரை அப்படியே நின்னு போச்சு. என்ன அடிச்சாலும் விழல. மறுபடியும் உள்ள போகப் பாத்தா பதிலே இல்ல. பத்து நாள் வேலை உள்ள இருக்குது, நாங்க வெளிய நிக்கறோம். அவரு எந்திரிச்சு உக்காந்து, கட்டுப் போட்ட கையால நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. அதுல வேற வலி.

"வாசலைத் திறக்கற வரியை நான் சொன்னேன் புள்ள. நீ பாப்பாவைப் பாத்துட்டு விட்டுட்ட"ன்னாரு.

நோட்டு மடியிலதான் இருந்துச்சு. அதுல அந்த வரி இல்லீங்க. அவரு சொல்லியிருந்தா இருக்கும், அவரு இருமினதைக்கூட எங்கயாச்சும் எழுதியிருப்பேன். சரிங்க, விட்டிருப்பேன்னு சொன்னேன். எனக்குக் கோபமெல்லாம் இல்ல. வலியில இருக்கற மனுசன்.

அப்புறம் அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் எழுதச் சொன்னாரு. அதையும் அவரு சொல்லச் சொல்ல நான்தான் அடிச்சு அனுப்புனேன். ரெண்டு நாளாப் பதில் இல்ல. வைத்தியர் வீட்ல இருந்து கேட்டாங்க, கம்பெனி பக்கம் கோளாறுன்னு சொல்லிட்டாரு. சாப்பாடு வேண்டாம்ங்கறாரு, ஊட்டப் போனா மூஞ்சியைத் திருப்பிக்கறாரு. மூணாம் நாள் மொதல் கட்டைப் பிரிச்சு ரெண்டாம் கட்டுப் போட அத்தையைக் கூட்டிட்டு இங்க வந்துட்டாரு.

ரங்கண்ணன் இப்ப என்ன கூப்பிட்டாரு? முப்பத்தி ஆறா? நடுவுல ரெண்டு மூணு பேரு வரல போலிருக்குதுங்க. இப்படிப் போனா சீக்கிரம் வந்துருமே.

அன்னிக்குக் காலையில பத்து மணிக்கு அவங்க பஸ் ஏறுனாங்க. பாப்பா தூங்கிருச்சு. குஞ்சத்தைக் கையில எடுத்தேன், ஓடல. எந்திரிச்சேன், தண்ணி குடிச்சேன், உக்காந்தேன். அந்தக் கம்ப்யூட்டர் மூடி இருக்குதுங்க, அது என்னையே பாக்கற மாதிரி இருக்குது. ஒண்ணும் சரியா வரலேன்னா எல்லாத்தையும் அழிச்சுட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்க ஒரு பட்டன் இருக்குதுன்னு அவரே ஒருதடவை சொல்லியிருக்காரு. ஆனா அதை நினைச்சாலே அவருக்கு அழுகை வரும். பத்து நாளா அவரு நினைவுல இருந்து தேடித் தேடிச் சொன்னதாச்சே, திருப்பி எப்படிச் சொல்றது.

எனக்கு அப்படி இல்லீங்க. எங்கிட்ட நோட்டு இருக்குது.

அமுக்கிட்டேன். ஆமாங்க. அழிஞ்சு, புதுசா வந்துச்சு. உள்ள போகப் போனா பெரிய எழுத்துல மிரட்டற மாதிரி ஒரு எச்சரிக்கை. எழுத்துக் கூட்டி மெதுவாப் படிச்சா, அடியிலயே என்ன அடிச்சா சரியாகும்னு ஒரு வரி இருந்துச்சு. அதை அப்படியே அடிச்சேன், விட்டுருச்சு. மிரட்டறதுலயும் ஒரு நியாயம் பாருங்க.

அப்புறம் நோட்டைப் பாத்து ஒவ்வொரு வரியா வந்தேன். பேரு வைக்கற இடம் வந்துச்சு. புதுப் பேரு என்னன்னு கேட்டு நிக்குது. நோட்டுல பூபதின்னு எழுதியிருக்குது. நான் கோகிலவாணின்னு அடிச்சுட்டேன்.

ஏன்னா என்னங்க சொல்றது. பேரு கேட்டுச்சு, சொன்னேன். அங்க உக்காந்திருந்தது நான்தானே.

அதுக்குச் சாவி போட்டேன். முதலாளி வாசலை அடைச்சேன். அன்னிக்கு அவரு திட்டறப்ப வாசல் திறக்கற வரியை வாய் விட்டுச் சொன்னாரு, எழுதிக்கிட்டிருந்தேன்; இந்தத் தடவை அதை அடிச்சு வாசலை மொதல்ல திறந்து வச்சுட்டுத்தான் காவலைப் போட்டேன். நடுவுல பாப்பா எந்திரிச்சிருச்சு, மடியில போட்டுப் பால் கொடுத்துட்டே ஒத்தைக் கையில அடிச்சேன். அடுத்தது டோக்கன் பக்கத்தைக் கொண்டு வந்து காட்டற வேலை. அதுல ஒவ்வொரு வரி முடிவுலயும் புள்ளி வச்சு அதுக்குக் கீழ கமா வைக்கணும். குஞ்சத்துக்கு முடிச்சு மாதிரிங்க அது. ஒண்ணுல விட்டாலும் எல்லாம் பிரிஞ்சு போகும். நான் ஒண்ணுல விட்டுட்டேன். சரியா இருக்குதான்னு கேக்கறதுக்கு ஒரு வரி இருக்குது, அதை அடிச்சுக் கேட்டேன். பதினேழாவது வரியில தப்புன்னு சொல்லுச்சு.

திட்டலீங்க. நீ பாப்பாவைப் பாத்துட்டிருந்தேன்னு சொல்லல. எங்க தப்புன்னு வரி நம்பரைச் சொல்லுச்சு, அவ்வளவுதான். போய் முடிச்சுப் போட்டுட்டு மறுபடியும் கேட்டேன், சரின்னுருச்சு. எனக்கு என்னமோ அழுகையா வந்துச்சு. எங்க வீட்ல யாரும் எனக்கு அப்படித் தப்பைச் சொன்னதில்ல. பாப்பா வேற என் மூஞ்சியையே பாத்துட்டிருந்துச்சு.

அப்புறம் சமையல் ரூமுக்குப் போயி என் போன்ல அந்த மிஷினோட நம்பரை அடிச்சுப் பாத்தேன். வெள்ளைப் பக்கத்துல வெல்கம்னு வந்துச்சு. துணிக்கடை வாசல் மிதியடியில போட்டிருப்பாங்களே, அதே எழுத்து. அதனால படிக்கத் தெரிஞ்சுச்சு. டோக்கன் பக்கம் வர இன்னும் ஒரு வேலை பாக்கி. அதையும் முடிச்சேன். மேல பத்திரம்னு காட்டற பூட்டுப் படம் வர்ற வரைக்கும் முடிச்சேன். அவங்க மூணரை பஸ்ல வந்தாங்க. நான் குஞ்சம் முடிஞ்சிட்டிருந்தேன்.

"மிஷின் வந்துருச்சுங்க"ன்னேன். "எப்படி"ன்னாரு. தெரியலீங்க, திறந்தேன், வந்துச்சுன்னேன். அவரு, "நான் எழுதுன மெயிலைப் பாத்துட்டு அவங்க சரி பண்ணியிருக்கானுங்க. எழுதற விதத்துல எழுதணும் புள்ள, அதுல இருக்குது"ன்னாரு. அன்னிக்கு ராத்திரி நல்லாச் சாப்பிட்டாரு.

பொய் சொல்லணும்னு சொல்லலீங்க. சொல்ல வாய் வரல. எனக்கு எப்பவுமே அப்படித்தான். அவருக்கும் சந்தோசம், வேலையும் முடிஞ்சுது. ஆடி ஒண்ணாந்தேதி டோக்கன் ஆரம்பிச்சாங்க. வைத்தியர் வீட்ல அவருக்குச் சால்வை போத்துனாங்க. கை ரெண்டும் கட்டுல இருக்கறதால அது வழுக்கி வழுக்கி விழுந்துட்டே இருந்துச்சு, நான்தான் எடுத்து எடுத்துப் போட்டேன்.

அந்தத் திரையில இடது ஓரத்துல ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி பேரு வரும். கோகிலவாணின்னு வரும். நான் என்ன அடிச்சாலும் அதுக்கு முன்னாடி என் பேரு. அவரு கண்ணை மூடிட்டுச் சொல்றவரு, பாக்க மாட்டாரு. ஒருதடவை என்னமோ எந்திரிச்சு வந்து எட்டிப் பாத்தாரு. நான் பாப்பாவைத் தூக்கற மாதிரி குறுக்க நின்னுட்டேன். பாப்பா அழவே இல்ல அப்ப.

முப்பத்தி ஒம்பதுங்களா? ஐயோ.

இன்னொண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்த மிஷினுக்குள்ள யாரு யாரு வர்றாங்கன்னு ஒரு பக்கம் ஓடிட்டே இருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு வரி. விடியக்காலம் அடுப்புப் பத்த வச்சுட்டு அதைத்தான் பாப்பேன். நாலே முக்காலுக்கு ஒரு வரி ஓடும். யாரோ, எங்கயோ, காலை ஒடிச்சுக்கிட்டு ராப்பூராத் தூங்காம கிடந்து, விடிஞ்சும் விடியாம டோக்கன் எடுக்கறாங்க. அவங்க வாசல்ல வந்து நிக்க வேண்டியதில்ல. அந்த வரியைப் பாத்தா, வாங்க, நம்பர் எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொல்லணும் போல இருக்கும். நேர்ல வந்தா சொல்லியிருக்க மாட்டேனுங்க. உள்ள ஓடியிருப்பேன். உங்களுதும் ஓடியிருக்கும் நேத்து. உங்க பையன் எத்தனை மணிக்கு எடுத்தாரு? எட்டு மணிக்கா. அப்ப நான் பாத்திருப்பேன். பாத்துட்டேதான் இருந்தேன்.

இப்பப் போன்லயே பாக்கறேன். சாவியை என் போன்லயும் ஒண்ணு போட்டு வச்சுக்கிட்டேன். ரேசன் கடை வரிசையிலகூடப் பாப்பேன். பக்கத்துல இருக்கறவங்க படம் பாக்கறேன்னு நினைச்சுக்குவாங்க.

நேத்து அவரு சொன்னாரு. நல்லபடியாத்தான் சொன்னாரு, அன்பாத்தான். "ஆறு வாரம் ரொம்பக் கஷ்டப்பட்டுட்ட புள்ள. நாளைக்குக் கட்டுப் பிரிச்சதும் மொதல் வேலையா நானே உக்காந்து உள்ள போயி எல்லாத்தையும் பாத்துடறேன். உன்னோட குஞ்சமெல்லாம் அப்படியே கிடக்குது பாரு, இனிமே நீ அதைக் கவனி"ன்னாரு. நான் சரின்னேன். ராத்திரி பூராப் புரண்டுட்டே கிடந்தேன். எதுக்குன்னு தெரியல. அவரு கை நல்லாயிருச்சேங்கற சந்தோசமா இருக்கும்.

அவரு உக்காந்து பூபதின்னு அடிப்பாரு. அது யாருன்னு கேக்கும். இல்ல, கேக்கக்கூடக் கேக்காது, கதவே திறக்காது.

என்னக்கா அப்படிப் பாக்கறீங்க. அவரு பேரையும் சேக்கறதுக்கு ஒரே வரிதானுங்க. நோட்டுல இருக்குது. செஞ்சிருக்கலாம், ஒரு நிமிசம் ஆகாது. ஒரு மாசமா அதைத்தான் நினைச்சுட்டே இருக்கேன். நேரம் எங்க கிடைக்குது. காலையில எந்திரிச்சா வேலை, பாப்பா, இவருக்கு ஊட்டணும், துணி, அப்புறம் கொஞ்ச நேரம் அந்த வரியெல்லாம் பாக்கறேன், பொழுது போயிருது. நாளைக்குச் சேக்கலாம், நாளைக்குச் சேக்கலாம்னு. வேணும்னு விடலீங்க. நான் எதுக்கு வேணும்னு விடப் போறேன். கட்டுனவருக்கு இல்லாத வழி எனக்கு மட்டும் எதுக்கு?

இந்தாங்க, முனையை விட்டுறாதீங்க. இது ஒண்ணு முடிச்சுக்கறேன்.

இல்ல, வேண்டாம். இப்பவே செஞ்சிடறேன். போன் இங்கதானே இருக்குது. வீட்டுக்குப் போற வரைக்கும் எதுக்கு. பாருங்க, இதான் அந்தக் கருப்புத் திரை. இந்த ஓரத்துல இருக்குதே, இது நான்தான். கோகிலவாணி. நீளமான பேருங்க, எங்கப்பா வச்சது. பள்ளிக்கூடத்துல கோகிலான்னு சுருக்கிட்டாங்க, இங்க வந்து புள்ளன்னு ஆயிருச்சு. முழுசா எழுதியிருக்கறது ரேசன் கார்டுலயும் இதுலயும்தான்.

இதோ அடிக்கறேன். புதுப் பேரு சேக்கற வரி. இப்பப் பி, அப்புறம் ஓ, ஓ... பூபதி. வந்துருச்சு. அடிச்சாச்சுக்கா. எண்டர் அமுக்குனா முடிஞ்சுது.

அங்க அவரு என்ன சொல்லிட்டிருக்காருன்னு கேக்குதுங்களா? சர்வரைப் பத்தி அந்த வேட்டிக்காரர்கிட்டச் சொல்றாரு. ஒருதடவை காவல் விழுந்து மாட்டிக்கிட்டோம், ஒரே ஒரு மெயில்ல சரி பண்ணேங்கறாரு. ஒரே ஒரு மெயில்ல. அந்த மெயிலுக்குப் பதில் இன்னிக்கு வரைக்கும் வரல, நான் தினமும் பாக்கறேன்.

எனக்குக் கோபமில்லீங்க. ரெண்டு தடவை சொல்லிட்டேனா? சரி.

விரல் ஏன் இப்படி வேர்க்குதுன்னு தெரியல. முந்தானையில துடைச்சுட்டு அமுக்கறேன்.

யாரு, நாப்பத்தி மூணா? இல்ல, இருக்காது, நாப்பத்தி ஒண்ணே இன்னும்... ஆமாங்க, நாப்பத்தி மூணுதான். இவரும் பாத்துட்டாரு. "ஏ புள்ள, கோகிலா, நம்மளத்தான் கூப்பிடறாங்க, வா"ங்கறாரு. இதோ வர்றேனுங்க. அக்கா, இந்தத் துணியை மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க, கடைசிக் குஞ்சத்துக்கு முடிச்சுப் போடல, பிரிஞ்சிரும். போன் எங்கிட்டயே இருக்கட்டும். கட்டைப் பிரிக்க எப்படியும் பத்து நிமிசமாவது ஆகும், அதுக்குள்ள நான் அந்த எண்டரை